பிரிவு நான்கு, உட்பிரிவு இரண்டு

விதி இது:
குறைந்தது மூன்று நிறுவனங்கள், மூன்று நாடுகள்,
ஒன்றேனும் ஐரோப்பாவில்.
ஒவ்வொன்றும் சட்டப்படி தனித்து நிற்க வேண்டும்.
கூடி வேலை செய்ய முதல் தகுதி
தனியாக நிற்பது.

நான் பிளான்டயரில் விண்ணப்பங்கள் பார்ப்பவள்.
ஆராய்ச்சி தெரியாது.
கட்டங்களை நிரப்புவேன், ஒரு கட்டம் சிவந்தால்
ஏன் சிவந்தது என்று தேடுவேன்.

லிகோமா தீவு மலாவிக்குச் சொந்தம்.
கொஞ்சம் துடுப்புப் போட்டால்
தண்ணீர் மொசாம்பிக்குடையது.
நத்தைக்கு இதை யாரும் சொல்லவில்லை.
தீவில் குளிக்கிற பிள்ளையும்
எதிரே கோப்வேயில் குளிக்கிற பிள்ளையும்
ஒரே சிவப்பில் சிறுநீர் கழிக்கிறார்கள்.
அதை ஆம்பிளை ஆன அடையாளம் என்று
பெருமைப்படும் எட்டு வயதுக்காரர்களும் உண்டு.

டாக்டர் சிபோஃப்யா வரைபடத்தை விரித்து,
"இதைவிடப் பன்னாட்டு நோய் எங்கே கிடைக்கும்?" என்றார்.
சிரித்தோம்.

நாடு ஒன்று, நாங்கள். பச்சை.
நாடு இரண்டு, ஆண்ட்வெர்ப்பில் லீஸ்பெத்தின் ஆய்வகம். பச்சை.
நாடு மூன்று, கோப்வே சுகாதார நிலையம்:
நர்ஸ் எர்மெலிண்டா,
பூஞ்சை படர்ந்த ஒரு நுண்ணோக்கி.
சட்டப் பதிவு எண்?
சிவப்பு.

நிலையம் மாவட்டத்துக்குக் கீழே,
மாவட்டம் மாகாணத்துக்குக் கீழே,
மாகாணம் அமைச்சகத்துக்குக் கீழே,
அமைச்சகம் நாட்டின் மறுகோடியில், மாப்புட்டோவில்.
நத்தைக் காய்ச்சலின் முட்டைகளை
ஒவ்வொன்றாக எண்ணுகிற அந்தக் கண்
சட்டப்படி எங்குமே இல்லை.

மாப்புட்டோவில் ஒரு பல்கலைக்கழகம் முன்வந்தது.
அங்கே யாரும் ஏரியைப் பார்த்ததில்லை.
நல்ல மனிதர்கள். மறுநாளே முத்திரை வந்தது.
கட்டம் பச்சையானது.

கோப்வேக்கு அடிக்குறிப்பில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்:
நிதி பெறாத இணைப் பங்காளி.
பந்தியில் இலை போடலாம்,
பரிமாறக் கூடாது.

அதைத் தொலைபேசியில் சொன்னது நான்தான்.
லைன் விட்டு விட்டு வந்தது.
"அப்படியென்றால் மாதிரிகளை யார் எடுப்பது?"
நீங்கள்.
"எண்ணுவது?"
நீங்கள்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.
"சரி. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?"

ஆகஸ்ட். ம்வேரா காற்று ஏரியைப் புரட்டிப் போட்டது,
மூன்று நாள் ஒரு படகும் இறங்கவில்லை.
கெடு, பிரஸ்ஸல்ஸ் நேரம் மாலை ஐந்து.
அவர்களுடைய கோடையில்
அவர்கள் கடிகாரமும் எங்கள் கடிகாரமும் ஒன்று.
அதில் மட்டும் நாங்கள் சமம்.

நாலரைக்கு லிகோமாவிலிருந்து படிவம் வந்தது,
நனைந்து, காய்ந்து, ஓரம் சுருண்ட படம்.
'பொருளாகவோ உழைப்பாகவோ அளிக்கும் பங்கு,
யூரோ மதிப்பில்' என்ற இடத்தில்
எர்மெலிண்டா பேனாவால் எழுதியிருந்தாள்:

படகுக்குப் பெட்ரோல், என் அண்ணனுடையது.
சீசாக்கள் இருநூற்றுப் பதினான்கு, கழுவி எடுத்தவை.
ஞாயிற்றுக்கிழமைகள்.
இடது கண் (வலது ஏற்கெனவே மங்கிவிட்டது).
நானும் இந்த ஏரியில்தான் குளிக்கிறேன்,
அது எந்தக் கட்டத்தில் வரும்?

அந்தக் கட்டம் எண்களை மட்டுமே ஏற்கும்.
மணி நாலு ஐம்பத்தொன்று.
சுழியம் போட்டேன். சிவந்தது.
ஞாயிற்றுக்கிழமைக்கு விலை போடத் தெரியவில்லை,
அவகாசமும் இல்லை.
ஒன்று போட்டேன்.
ஒரு யூரோ.
பச்சை.

ஐந்து மணிக்கு முன்பே ரசீது வந்துவிட்டது:
கூட்டமைப்பு தகுதியுடையது.
சிபோஃப்யா எல்லாருக்கும் கோழிப்பொரியல் வாங்கினார்.

எர்மெலிண்டாவிடம் அந்த ஒன்றைப் பற்றி
இன்னும் சொல்லவில்லை.
லைன் கிடைக்கவில்லை என்று
அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

லைன் கிடைத்தது.
இரண்டு முறை.